ஃபீட்லியா, ஃபீடரா?

பிடித்த தளங்களில் புதிதாக வருபவற்றைத் தானாகவே தரும் பட்டியல்தான் செய்தியோடை, அதாவது ஃபீட். பல தளங்களின் செய்தியோடைகளை ஒரே இடத்தில் படிக்க இன்று முக்கியமாக இரண்டு வழிகள். ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவையில் கணக்குத் திறப்பது ஒன்று. கணக்கே கேட்காமல் எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ளும் ஃபீடர் போன்ற செயலி இன்னொன்று. சொந்த சர்வரில் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ஃபீட் படிக்கும் மென்பொருளை நிறுவலாம்தான். சர்வரைப் பராமரிப்பதே பொழுதுபோக்கு என்பவர்களுக்கு அது. நான் ஃபீட்லியிலிருந்து ஃபீடருக்கு மாறியவன், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபீட்லி இலவசமாக 100 ஃபீட் தருகிறது, நிதானமாகப் படிப்பவருக்கு அதுவே தாராளம். ஃபீடர் திறமூலச் செயலி, காசு கேட்காது. ஆண்ட்ராய்டில் மட்டும்தான் கிடைக்கும். ஐபோன்காரர்கள் நெட்நியூஸ்வயரைப் பார்க்கலாம்.

என்னை மாற்றியது, விட்டுப்போகும் பதிவுகள். ஃபீட் என்பது தளத்தின் முழுச் சேமிப்பு அல்ல, கடைசியாக வந்த சிலவற்றின் பட்டியல். வேர்ட்பிரஸில் நடக்கும் வலைப்பதிவில் அமைப்பை மாற்றாவிட்டால் 10 பதிவுகள், யூடியூப் சேனலுக்கு 15 வீடியோக்கள். சேவையின் சர்வர் நாம் தூங்கும்போதும் போய் எடுத்துவைக்கும், அநேகமாக எதுவும் தவறாது. செயலியோ போனில் நெட் இருந்தால்தான் எடுக்கும். நாளுக்கு 50 செய்தி போடும் தளமாக இருந்து, மூன்று நாள் நெட் இல்லாமல் போனால், இடையில் வந்தவை போனது போனதுதான்.

இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் வசதி. தவறிப்போவது எது என்று பாருங்கள்: மணிக்கு மணி கொட்டும் தளத்தின் செய்தி, மூன்று நாளில் எப்படியும் பழசு. மாதம் ஒன்று எழுதும் வலைப்பதிவரின் பதிவோ ஃபீடிலேயே பத்து மாதம் கிடக்கும், நாம் எப்போது திறந்தாலும் வந்துசேரும். ஃபீட்லியில் ஊருக்குப் போய்த் திரும்பினால் படிக்காதவற்றின் எண்ணிக்கை மலைக்கவைக்கும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடுவோம்; கூட்டத்தோடு கூட்டமாக அந்த ஒரு நல்ல பதிவும் அடிபட்டுப்போகும். (எத்தனை பேர் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!)

லேப்டாப்பிலும் போனிலும் மாறி மாறிப் படிப்பவருக்குச் சேவைதான் சரி. ஒரு துறையில் எதையும் தவறவிடக் கூடாத செய்தியாளருக்கும் அப்படியே. கட்டணத் திட்டங்களில் வரும் வடிகட்டிகள் அவர்களுக்கு உதவலாம். நான் காசு கட்டிப் பார்த்ததில்லை.

சேவை மூடிவிட்டால்? 2005-இல் வந்த கூகுள் ரீடர் என்ற இதே மாதிரிச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஃபீட் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வேறிடத்தில் ஏற்றிவிடலாம், ஃபீடரிலும் அது முடியும். போன் தொலைந்தால் பட்டியலும் போகும் என்பதால் செயலியில் படிப்பவர்களுக்கு அந்தக் கோப்பு இன்னும் அவசியம். ஆனால் அதில் தளங்களின் முகவரிகளும் பிரிவுகளும்தான் வரும், பிறகு படிக்கலாம் என்று சேமித்த கட்டுரைகள் வராது. மாறுவதற்கு முன் அவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள்.