ஹீட்டருக்கு முழு மார்க், சாப்பாட்டுக்குப் பாதி

2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் கரண்ட் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. அடுப்பும் மின்சார அடுப்பு. மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு பிரெட்டும் ஊறுகாயும் தின்ற கடுப்பில்தான் எம்.ஆர்.இ. வாங்கினேன். அமெரிக்கச் சிப்பாய்கள் களத்தில் அடுப்பில்லாமல் சாப்பிடும் ராணுவப் பொட்டலம் அது.

படைக்கென்று தயாராகும் பொட்டலத்தில் 'வணிக மறுவிற்பனை சட்டவிரோதம்' என்றே அச்சிட்டிருக்கும். அதனால் நான் வாங்கியது பொதுமக்களுக்கு விற்கும் வகை. பெட்டிக்கு 12, விலை 130 டாலர். எந்தப் பொட்டலத்தில் என்ன வரும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம் வேறு. அவற்றை மரைன் படையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பிலேயே எனக்குப் பாதி விமர்சனம் கிடைத்துவிட்டது. சைவ வகையில் முன்பு ஒரு ஆம்லெட் வந்ததாம். அதற்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயரை வாந்தி என்ற சொல்லிலிருந்து எடுத்திருந்தார்கள். அப்போதெல்லாம் பொட்டலத்தில் 'சார்ம்ஸ்' மிட்டாய் வந்தால் மரைன்கள் தின்னாமல் தூக்கி எறிவார்களாம், தின்றால் கெட்ட காலம் என்று. நம் ஊர்ப் பூனைச் சகுனத்துக்கு இது ஒன்றும் சளைத்ததில்லை.

முதலில் பிரித்தது சீஸ் டார்டெல்லினி. தக்காளிச் சாற்றில் ஊறிய, சீஸ் பொதிந்த பாஸ்தா. கூடவே கிராக்கர், ஹலப்பீனோ மிளகாய் போட்ட சீஸ், எலுமிச்சை கேக், பழச்சாற்றுத் தூள், காபித்தூள், நீளக் கரண்டி. உப்புப் பொட்டலத்தோடு ஒட்டியபடி கழிவறைத் தாளும் இருந்தது. 'சாப்பாட்டோடயே இதையும் குடுத்துடுவாங்களாடா?' என்றார் அம்மா.

இந்தப் பெட்டியில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள், நெருப்பில்லாமல் உணவைச் சூடாக்கும் ஹீட்டர்தான். பச்சை பிளாஸ்டிக் பை, அடியில் மக்னீசியமும் இரும்பும் உப்பும் கலந்த ஒரு தட்டை வில்லை. கோடு வரை தண்ணீர் விட்டு, உணவு உறையை உள்ளே செருகி, வாயை மடித்துச் சாய்த்து வைக்க வேண்டும். எதன் மேல் சாய்ப்பது? ராணுவ ஹீட்டரில் 'ஒரு கல் அல்லது ஏதாவது' என்று படம் போட்டிருப்பது பிரசித்தம். எங்கள் வீட்டில் கல் என்றால் இஞ்சி நசுக்கும் இடிகல்தான், அதன் மேல் சாய்த்தேன். அரை நிமிஷத்தில் புஸ்ஸென்று ஆவி. 'சுண்ணாம்பு நீத்துற மாதிரின்னா இருக்கு!' என்றார் அம்மா. சரியாகத்தான் சொன்னார், இரண்டிலும் தண்ணீர் பட்டதும் சூடு பிறக்கிறது. ஆனால் இதில் ஹைட்ரஜனும் வெளியேறும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. இது தெரிந்ததும் அம்மா ஓடிப்போய்ச் சாமி விளக்கை மலையேற்றிவிட்டு வந்தார். ஜன்னலையும் திறந்து வைத்தோம். பன்னிரண்டு நிமிஷத்தில் துணி இல்லாமல் உறையைப் பிடிக்க முடியவில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு வாயில் வைத்தால், பாஸ்தா குழைந்து, சாறு தித்தித்தது. மூன்று வருஷம் தாங்க வேண்டும் என்று வேகவைத்ததை முப்பது வருஷம் தாங்க வேகவைத்த மாதிரி. மிளகாய்ச் சீஸைப் பிழிந்து கலந்த பிறகுதான் தொண்டையில் இறங்கியது. அந்தச் சீஸ் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்குவேன். கிராக்கர், தண்ணீர் இல்லாமல் தின்னக் கூடாது. காபியைப் பற்றிப் பேச வேண்டாம், நாங்கள் கும்பகோணம். எலுமிச்சை கேக்கில் கசகசா தூவியிருந்தது, பிரமாதம், பையன் தட்டை வழித்தான். படைப் பொட்டலம் ஒன்றில் சராசரியாக 1,250 கலோரி இருக்கும். நாளெல்லாம் மூட்டை சுமக்கிறவனுக்குச் சரி, சோபாவில் உட்கார்ந்து கரண்ட் வரக் காத்திருக்கிறவனுக்கு எதற்கு?

அப்புறம்தான் ஒரு யோசனை. இந்தியக் கடையில் கிடைக்கும் பிசிபேளாபாத் பாக்கெட்டும் இதே மாதிரி ரிட்டார்ட் உறைதானே, அதாவது உணவை உள்ளே வைத்து மூடி, கெடாமலிருக்க அதிகச் சூட்டில் வேகவைத்த உறை? நம் ஊரில் இந்த நுட்பத்தை நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒரு ராணுவக் கூடம்தான், மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம். அட்டையைக் கழற்றி உறையை ஹீட்டருக்குள் திணித்தேன். ஹீட்டர் 227 கிராம் உறைக்கு அளவெடுத்தது, நம் பாக்கெட் 300 கிராம். இறுக்கமாகத்தான் போனது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஓரம் கொதித்தது, நடு வெதுவெதுப்பு. துணியால் பிடித்துப் பிசைந்து, திருப்பிப் போட்டு இன்னும் பத்து நிமிஷம் விட்டேன். திறந்ததும் பெருங்காய வாசனை. அம்மா அன்றைக்கு வாயைத் திறந்து சொன்ன ஒரே நல்ல வார்த்தை: 'ம், இது சாப்பாடு.'

எனவே முழுப் பெட்டியை இனி வாங்க மாட்டேன். ஹீட்டர் தனியாகவே விற்கிறார்கள். அதில் இரண்டு டஜனும் நம் பாக்கெட்டுகளும் போதும். முழுப் பெட்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து அதைக் கராஜில் போட்டுவிடாதீர்கள். மூன்று வருஷம் என்பது 27 டிகிரி செல்சியஸுக்குச் சொன்ன கணக்கு. 38 டிகிரியில் ஆறே மாதம், ஹூஸ்டன் கராஜ் கோடையில் அதையும் தாண்டும். உறை உப்பியிருந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

எங்கள் உள் அலமாரியில் இன்னும் நாலு பொட்டலம் இருக்கிறது. அதில் இரண்டைப் பையன் ஓரமாகக் கிழித்து, கேக்கை மட்டும் உருவியிருப்பதை நேற்றுதான் பார்த்தேன்.