பழைய லாரியில் மேனிஃபோல்டு விரிசல்: ஆறு வருஷம், நான்கு தடவை

என்னுடையது 2008 மாடல் பத்துச் சக்கர லாரி. ஆறு சிலிண்டர் டர்போ, பழைய பம்ப் இன்ஜின், சென்சார் என்று ஒன்றும் கிடையாது. 2016-ல் செகண்ட்ஸில் வாங்கி நாமக்கல் - நாசிக் ரூட்டில் ஓட்டுகிறோம். போகும்போது கிடைத்த லோடு, வரும்போது வெங்காயம். 2019 கடைசியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது ஆறு சிலிண்டரின் புகையையும் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் இரும்புக் குழாய், முதல் முறையாக விரிசல் விட்டது. அப்புறம் நான்கு தடவை கழற்றி மாட்டியாயிற்று. அதில் மூன்று தடவை தண்டம்.

ஆரம்பத்தில் சத்தம் மட்டும்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக் டக் என்று கேட்கும், பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். ஒரு பட்டறையில் டேப்பட், அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் பாகம் என்றார்கள். இரண்டு முறை டேப்பட் செட் செய்து காசு கொடுத்தேன். டிரைவரைக் கேட்டால், "சூடானா சரியாயிடுதுங்கண்ணா" என்பார். உண்மையில் அந்த ‘சரியாயிடுது’தான் துப்பு. இரும்பு சூட்டில் விரிந்து விரிசலின் வாயை மூடிவிடுகிறது. ஆறினால் திரும்பத் திறக்கிறது. டேப்பட் சத்தம் பெரும்பாலும் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் அடங்காது.

புனே தாண்டி சாத்தாரா பக்கம் வரும்போது கம்பட்கி காட் என்கிற மலைப்பாதை ஏறவேண்டும். வெங்காய லோடோடு வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறுகிற இடத்தில் வண்டி இரண்டாவது கேட்டது. பின்னால் கரும்புகை. புகை போகிற வேகம்தான் இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுற்றவைக்கிறது. அது வழியிலேயே கசிந்தால் டர்போ சோம்பிவிடும், காற்று குறையும், டிரைவர் இன்னும் மிதிப்பார், டீசல் எரியாமல் கரியாக வரும். லிட்டருக்கு நான்கு கொடுத்த வண்டி மூன்றரைக்குக் கீழே போயிற்று. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. இந்தப் புகையோடு அந்தச் சோதனைக்குப் போய் நிற்கவும் முடியாது.

ஆனால் என்னை பயமுறுத்தியது மைலேஜ் இல்லை. ராத்திரி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் தலை வலிக்கிறது என்று டிரைவர் சொன்னார். இன்ஜின் கேபினுக்கு அடியிலேயே இருக்கிறது. கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனையே கிடையாது. வண்டியை ஓரம்கட்டிக் கேபினில் படுக்கிறவர்கள், கசிவு இருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது.

விரிசலை எங்கள் மேஸ்திரி கண்டுபிடித்த விதத்தைச் சொல்லவேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு கேபினில் சாமி படத்தின் கீழே இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து மேலே தூவினார். சாக்பீஸ் தூளும் போடலாம், கைக்குக் கிடைத்தது இது. இரண்டு நிமிஷத்தில் ஐந்தாவது, ஆறாவது போர்ட்டுக்கு (சிலிண்டர் புகை நுழையும் வாய்க்கு) நடுவில் வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஈரமாக எழும்பியது. அதுவரை வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதல் வெல்டிங் ஹைவே ஓரத்தில், சாதாரண ராடு வைத்து. பத்தே நாள், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல். காஸ்ட் அயர்னை (வார்ப்பிரும்பை) அப்படிச் சுடக்கூடாது. இரண்டாவது தடவை விஷயம் தெரிந்தவரிடம் போனேன். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாக ஓட்டை போட்டார், கோடு மேலே ஓடாமலிருக்க. வி மாதிரி பள்ளம் அடித்து, உலையில் வைத்துச் சூடேற்றி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் வைப்பார், சுத்தியலால் லேசாகத் தட்டுவார், பிறகு அடுத்த அங்குலம். முடிந்ததும் சாம்பலில் புதைத்துவிட்டு "நாளைக்கு வாங்க" என்றார். வெல்டிங் 1,800 ரூபாய். இதற்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன், ஒன்றரை வருஷம் ஓடியது. அதில் ஊரடங்கில் வண்டி நின்ற மாதங்களும் சேர்த்தி.

நான் செய்த முட்டாள்தனம், மாட்டுவதற்கு முன் ஃபேஸிங், அதாவது இன்ஜினோடு பொருந்தும் முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்காதது. வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் என்கிற அந்த முகம் வளைந்துவிடும். நேரான ஸ்கேலை வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். அதைப் பார்க்காமல் இறுக்கியதில் கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் இரண்டு எரிந்தது, மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஒரு ஸ்டட் இன்ஜின் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்பி எடுத்தார்கள். அந்த ஒரு ஸ்டட்டுக்கு ஒரு பகல் போயிற்று.

மறுபடி விட்டபோது, 2021-ல், பாதி விலையில் ஒரு டூப்ளிகேட் வாங்கினேன். கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது, தெரிந்தே வாங்கினேன். ஏழு மாதம்.

அப்போதுதான் மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அண்ணா, இங்க இருந்த ஃப்ளெக்சிபிள் எங்க?" என்று கேட்டார். டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் இருக்கவேண்டிய வளையும் துண்டு இல்லை. பழைய ஓனர் காலத்தில் யாரோ அதை வெட்டிவிட்டு நேர்க்குழாயை வெல்டு செய்திருக்கிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், சைலன்சர் சேசிஸில் நிற்கும். நடுவில் வளைந்துகொடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் இழுபடுவது மேனிஃபோல்டுதான். அதிலும் அது மலை ஏறும்போது ஐந்நூறு அறுநூறு டிகிரியில் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேலாக நோய் ஒரு இடம், மருந்து ஒரு இடம்.

2022-ல் அசல் மேனிஃபோல்டு, புது ஸ்டட், புது ஃப்ளெக்சிபிள், டர்போவைத் தாங்கும் பிராக்கெட், எல்லாம் ஒரே மூச்சில் போட்டோம். இறுக்குவது நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும். முதல் டிரிப் போய்வந்து நன்றாக ஆறியபின் இன்னொரு சுற்று. டிரைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: தொப்பூர் ஏறியவுடன் டீக்கடையில் சட்டென்று ஆஃப் பண்ணவேண்டாம், மூன்று நிமிஷம் ஓடட்டும். டர்போவுக்கும் அது நல்லது. அவர் இறங்கிக் கண்ணாடி துடைத்து, டயரைத் தட்டிப் பார்ப்பதற்குள் மூன்று நிமிஷம் ஆகிவிடுகிறது.

மைலேஜ் திரும்ப நான்கைத் தொட்டது, தலைவலி நின்றது. டேப்பட்டை அப்புறம் யாரும் தொடவில்லை.

போன மாதம் எஃப்சிக்கு முன்னால் பார்த்தபோது ஆறாவது போர்ட் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கரி. நட்டைப் பிடித்தால் கால் திருகு வந்தது. கேஸ்கெட்டா, விரிசலா தெரியவில்லை. வண்டி இப்போது கோலாப்பூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. வந்ததும் கழற்றித் திருநீறு போட்டுப் பார்க்கவேண்டும்.