பிறப்புச் சான்றிதழ் என்னும் வீட்டுச் சாவி: ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

இலங்கையில் தமிழருக்கு எதிராக 1983 ஜூலையில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து படகேறி வந்து இராமேசுவரம் கரையில் இறங்கியவர்களுக்குத் தங்க இடமும் உதவித்தொகையும் அரசு தந்தது. அவர்கள் எந்த ஊரார், யாருடைய பிள்ளைகள் என்பதற்கான ஆதாரத்தைத் திரட்டிக் கொடுக்கும் வேலையோ, 1984-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தோளில் காலப்போக்கில் வந்து அமர்ந்தது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகனும் வழக்கறிஞருமான எஸ்.சி. சந்திரஹாசன் நிறுவிய இக்கழகத்தை முகாம்களில் பெரும்பாலோர் 'ஓஃபர்' (OfERR) என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயராலேயே அறிவர்.

மாலை நேரப் பாடவகுப்பு, மகளிர் குழுக்கள், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காகத் தாங்களே வளர்த்த சுருள்பாசி (ஸ்பைருலினா) எனக் கழகம் செய்தவை பல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அகதி அட்டை வைத்திருந்தவர்களே தமிழகக் கடலோர மக்களுக்கு ஆறுதல் சொல்லப் போனதும் இதன் வழியாகத்தான். ஆயினும் ஆவணச் சேவையைக் கொண்டே இக்கழகத்தை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனெனில் அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அவர்களுக்கெனத் தனிச்சட்டமும் இங்கே கிடையாது. முகாமில் பிறந்த குழந்தைக்கு எந்த நாட்டின் காகிதம் கிடைக்கிறதோ, அதுதான் பின்னாளில் அதன் வீட்டுச் சாவி.

அந்தக் காகிதம் எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போனால், அங்கே அதை இலங்கை முறைப்படி பதிய வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பதிவு செய்யப்பட்டால்தான் வம்சாவழியில் இலங்கைக் குடியுரிமை பெறும் என்பது அந்நாட்டுச் சட்டம். இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெற்றோர் மணமானவர்களா என்று ஒரு கட்டம், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்டு இன்னொரு கட்டம். முகாம் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். இங்கே தந்தை பெயர் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். அங்கே அது முழுமையாக வேண்டும். 'க' என்பது கந்தசாமியா, கனகசபையா என்பதைப் படகில் நனைந்துபோன ஓர் அடையாள அட்டையைக் கொண்டு நிறுவ வேண்டிய நிலையும் வரும். இந்தச் சிக்கலைப் பொறுமையாக அவிழ்க்கும் திறன் கழகத் தொண்டர்களுக்கு உண்டு. அவர்களும் அதே முகாம்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், மனுக்காரர் தன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

மலையகத் தமிழர் கதை இன்னும் சிக்கலானது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன அவர்களின் முன்னோர் பலரைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாமிலேயே பேரப்பிள்ளைகள் அகதிகளாக வந்து இறங்கினார்கள். (வரலாறு இவ்வளவு சோம்பேறியாக ஒரே இடத்தை இருமுறை பயன்படுத்தியிருக்க வேண்டாம்.) நாடற்றோராக இருந்து, இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களும் இலங்கைக் குடியுரிமை பெற வழிவிட்ட 2009-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டங்கள் இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தன.

1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கு முகாம் வாசல்கள் மூடப்பட்ட காலத்தையும் தாண்டி இக்கழகம் நிலைத்தது பாராட்டுக்குரியது. எனக்குள்ள குறை வேறு. ஒருநாள் ஊர் திரும்புவோம், அதற்குள் படித்துத் தேறியிருப்போம் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்ட சேவை இது. 1984-இல் அந்த எண்ணம் சரிதான். ஆனால் 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர் என்றும், அவர்களில் 58,822 பேர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள் என்றும் 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இவர்களில் இலங்கையைக் கண்ணால் பார்த்தே இராத தலைமுறை ஒன்றும் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது இந்தியச் சட்டம். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை, அண்டை நாட்டு அகதிகள் சிலருக்கு வழிவிட்ட 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆகவே மனுக்காரர் எந்த ஆண்டு பிறந்தவர் என்று முதலில் கேட்டு, திரும்பும் வழி, தங்கும் வழி இரண்டையும் ஒரே மேசையில் வைத்து விளக்குவதே இன்றைக்கு வேண்டிய சேவை. ஒரு நாட்டின் குடியுரிமையைப் பதிந்துகொண்டால் மற்றொன்றைக் கோருவது கடினமாகும் என்பதையும் கையொப்பத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

திரும்பிப் போக முடிவெடுத்துவிட்ட குடும்பத்துக்கு இக்கழகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகும்போது மருத்துவமனைச் சீட்டு, முகாம் அட்டை, பெற்றோரின் பழைய அடையாள அட்டை ஆகியவற்றின் மூலங்களோடு, பாட்டனார் பிறந்த ஊரையும் ஆண்டையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.