பச்சைச் சாயமா, நீலச் சாயமா: எது கண்ணில் அதிக நாள் தங்கும்?

மாகுலர் ஹோல் (விழித்திரையின் நடுவில் விழும் ஓட்டை) ஆபரேஷனில் விழித்திரையின் மேலே ஒட்டியிருக்கும் ஐ.எல்.எம். என்ற கண்ணாடி மாதிரியான சவ்வை உரித்தெடுக்க வேண்டும், ஆனால் அது மைக்ரோஸ்கோப்பில்கூடச் சரியாகத் தெரியாது என்பதால்தான் சாயம் போடுகிறார்கள்.

2000 வாக்கில் வந்தது இண்டோசயனின் கிரீன். சவ்வு நன்றாகப் பச்சையாகும், உரிக்கவும் சுலபம். சிக்கல் அதற்கப்புறம்தான். ஆபரேஷன் முடிவில் கழுவி எடுத்த பிறகும் மிச்சம் தங்கிவிடுகிறது. வெறும் பார்வைக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட் கேமராவில் பார்த்தால் பார்வை நரம்பின் முனை பளிச்சென்று ஒளிரும், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்தைத் தாண்டியும். அடர்த்தி கூடினால், விளக்கொளி அதிக நேரம் பட்டால் விழித்திரைக்கே கெடுதல் என்ற கவலையும் உண்டு.

2006-இல் வந்த பிரில்லியண்ட் புளூ ஜி அப்படி நீண்ட நாள் தங்குவதில்லை, சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. நிறம் கொஞ்சம் வெளிர்தான், ஆனால் போதும். அமெரிக்காவில் 2019 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது. பச்சைக்கு இந்த உபயோகத்துக்கென்று அங்கே அனுமதி கிடையாது.

பச்சை போட்டவர்கள் பயப்பட வேண்டாம், மிச்சம் ஒளிர்கிறது என்பதாலேயே பார்வை போய்விடாது. ஆனாலும் இரண்டும் கிடைக்கிற இடத்தில் என் ஓட்டு நீலத்துக்குத்தான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே எந்தச் சாயம் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.