எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை: முதலாளியும் விற்பனைப் பெண்களும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சேலை விலையை ஒப்பிட்டு எழுதுவதால் பெரிய பயனில்லை. அடுத்தடுத்த கடைகளில் ஏறத்தாழ ஒரே சரக்குதான் தொங்குகிறது. கடைக்குக் கடை மாறுவது, சேலையை விரித்துக் காட்டுகிறவர்கள் நம்மிடம் நடந்துகொள்ளும் விதம்தான். அந்த வகையில், எங்கள் வீட்டில் பல தீபாவளிகளுக்குத் துணி எடுத்த நடுத்தரக் கடை ஒன்றைப் பற்றி எழுதத் தோன்றியது. குறையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன் பிறகு பல கடைகளுக்கு முக்காலி வந்துவிட்டது. மேற்பார்வையாளர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சமின்றி அதில் உட்காரும் துணிவுதான் வரவில்லை. இந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் கூட்டமில்லாத நேரத்தில் இயல்பாக உட்காருகிறார்கள், வாடிக்கையாளர் வந்ததும் சலிப்பில்லாமல் எழுகிறார்கள். பண்டிகை நெரிசலில் முதலாளியே கல்லாவை விட்டு இறங்கி, விரித்துக் கிடக்கும் சேலைகளை மடித்து அடுக்குவதையும் பார்த்திருக்கிறேன். ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் அவர் அதட்டிக் கேட்டதில்லை.

இதன் பலன் வாடிக்கையாளருக்கே கிடைக்கிறது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுகிறவருக்குத் தனியாகக் கமிஷன் என்று வைக்கும் கடையில், நமக்குப் பொருந்தாததையும் "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்றுதான் சொல்வார்கள், பிழைப்பு அப்படி. இங்கே ஊக்கத்தொகையைப் பிரிவு முழுவதற்கும் பகிர்ந்து தருவதாக ஒரு பெண் சொன்னார். என் மனைவி ஆசையாக எடுத்த சிவப்புச் சேலையைக் காட்டி, "இது சாயம் போகும்க்கா, வேற பாருங்க" என்று சொன்னவரும் அவரே.

வேலை செய்பவர்களை எப்படி நடத்துவது என்ற கேள்வி வடசென்னைக்குப் புதிதன்று. பெரம்பூர் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, கூலியோடு மேலதிகாரிகளின் நடத்தையும், மதிய உணவுக்குப் போதாத இடைவேளையும் முறையீடுகளாக இருந்தன.

இனி குறை. எல்லா நன்மையும் முதலாளி ஒருவரையே நம்பி நிற்கிறது. ஊழியர்களை மதிக்கிறவர், முடிவெடுக்கும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கிழிசல் இருந்த சுடிதாரை மாற்றித் தருவதற்குக்கூட, "அண்ணன் வரட்டும்" என்று முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். அதை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கே மாற்றித் தரும் அதிகாரம் இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. முதலாளி இல்லாத மாலைகளில் கல்லாவில் அமரும் உறவினர் சேலைப் பிரிவை நோக்கிக் கத்துவார். முக்காலிகள் உடனே காலியாகிவிடும், சேலை காட்டும் கைகளிலும் அவசரம் தெரியும்.

சேலை, பாவாடைத் துணிக்குத் தயங்காமல் போகலாம். ஆண்கள் பிரிவில் தேர்வு குறைவு. வார நாளில் முற்பகலில் செல்வது நல்லது. பொருளை மாற்ற வேண்டியிருந்தால், முதலாளி கடையில் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.