நீச்சல் பழக நல்ல இடம், போட்டி பேட்ச்சுக்கு மட்டும் யோசியுங்கள்

தென்சென்னையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் நீச்சல் அகாடமி பற்றி. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம், ஏரியாக்காரர்களுக்குப் படித்தாலே தெரிந்துவிடும். 25 மீட்டர் குளம், பாதிக்கு மேல் கூரை. மகள் சம்மர் கேம்ப்பில் சேர்ந்து, தண்ணீர் பயம் போய், இப்போது போட்டி பேட்ச்சில் இருக்கிறாள். அடிப்படை போடுவதில் இவர்கள் கில்லாடிகள், போட்டிக்குத் தள்ளுவதில்தான் அநியாய அவசரம்.

சம்மர் கேம்ப் என்றால் பல இடங்களில் டியூபை மாட்டிவிட்டு, கையைக் காலை அடிக்கவிட்டு, கடைசி நாள் சர்டிஃபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கோச் அம்மா ஆரம்பத்தில் மூச்சு விடுவதையும் மிதப்பதையும் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அப்புறம் சுவரை உதைத்துச் சறுக்குவது. ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்று, மேல்கை இரண்டும் காதை அழுத்த வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் தண்ணீரில் இறங்கி வந்து தட்டி நீட்டிவிடுவார். மேலே கட்டியிருக்கும் கொடிக்கயிறு வரை, அதாவது 5 மீட்டர், அப்படியே சறுக்கிப் போகும் வரை கை போட விடமாட்டார். "என்ன மேடம், இன்னும் நீச்சலே ஆரம்பிக்கலையா?" என்று பெற்றோர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அவர் காதில் வாங்குவதில்லை. அவர் செய்வது சரி. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் போட்டி என்றால் மூன்று முறை சுவரில் திரும்ப வேண்டும், உதைத்துக் கிளம்பும்போது கிடைக்கும் வேகத்தைக் கையால் அடித்து எடுக்க முடியாது.

விதிமுறையிலும் கறார். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்துவது), பட்டர்ஃப்ளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்துவது) இரண்டிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், ஒரு கை முந்தினால் டிஸ்க்வாலிஃபை. நன்றாக நீந்தும் குழந்தை இதில் அவுட்டாகி, எதற்கென்றே புரியாமல் அழுதுகொண்டு வரும். இங்கே சாதாரணப் பயிற்சியிலேயே ஒற்றைக் கையால் தொட்டால் அந்த லேப் கணக்கில் கிடையாது, திரும்பப் போக வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் பாதம் வெளிப்பக்கம் திரும்பாத பிள்ளைகளைக் கரையில் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிடித்து கால் உதைக்க வேண்டிய வட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். என் மகளுக்கு வலது கால் அப்படித்தான் சரியானது.

இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்கிறார்கள்? கையை மாற்றி மாற்றிப் போடும் ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டர் நிற்காமல் போனதும் "போட்டி பேட்ச்சுக்கு ரெடி" என்று வாட்ஸப்பில் மெசேஜ் வந்துவிடுகிறது. கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, காலை ஐந்தரைக்கு வர வேண்டும், வாரத்தில் ஆறு நாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு! அங்கே கோச் வேறு ஆள், கையில் ஸ்டாப்வாட்ச், லேனுக்கு ஏழெட்டுப் பேர். யார் கை எப்படி விழுகிறது என்று பார்க்க அவருக்கு ஏது நேரம், டைமைக் கத்திச் சொல்கிறார், மேலே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் குறித்துக்கொள்கிறார்கள். (ஒரு அப்பா எக்ஸெல் ஷீட்டே வைத்திருக்கிறார்.) நான்கு ஸ்ட்ரோக்கும் (மேலே சொன்ன மூன்றோடு மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கும்) ஒழுங்காக வர வேண்டிய வயதில் முக்கால்வாசி நேரம் ஃப்ரீஸ்டைல்தான், டைம் சீக்கிரம் குறைவது அதில்தானே.

போட்டிக்கு உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அந்த ரேஸிங் சூட் வாங்கவும் குரூப்பில் சைஸ் கேட்டார்கள், விலை ஆயிரக்கணக்கில். அமெரிக்காவில் அந்த நாட்டு நீச்சல் அமைப்பே 2020-இல் 12 வயதுக்குட்பட்டவர்கள் அதைப் போட்டுக்கொண்டு போட்டியில் இறங்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மாதாமாதம் வளரும் பிள்ளைக்கு அது எத்தனை நாளைக்கு? நான் வாங்கவில்லை.

இன்னொன்று 50 மீட்டர் குளம். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகம் மாதிரியான இடத்தில் போய் இறங்கினால் நடுவில் உதைக்கச் சுவர் இருக்காது. 25 மீட்டரிலேயே பழகிய குழந்தைக்கு இரண்டாவது பாதியில் கை ஓய்ந்துவிடும். முதல் போட்டிக்கு முன் ஒரு நாளாவது பெரிய குளத்துக்கு அழைத்துப்போங்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள்.

வாரம் மூன்று நாள்தான் அனுப்புவேன் என்று போய்ச் சொன்னேன். "அப்போ மெடலெல்லாம் எதிர்பார்க்காதீங்க மேடம்" என்றார் போட்டி கோச். "எட்டு வயசு சார், எதிர்பார்க்கலை" என்றேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார், கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறைக்கவில்லை. மீதி நாள் மாலையில் பழைய கோச் அம்மாவிடமே போகிறாள், அங்கே தனிக் காசு.

தண்ணீர் சுத்தம், உயிர்காப்பாளர் எப்போதும் கரையில் நிற்கிறார். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சேர்ப்பதாக இருந்தால் மே மாதக் கூட்டத்தில் போகாதீர்கள், பள்ளி திறந்த பிறகு மாலை ஐந்து மணி பேட்ச்சைக் கேளுங்கள், கோச் அம்மா இருப்பது அதில்தான்.