இண்டைட்மென்ட் நிலுவையில் இருக்கும்போது துப்பாக்கி: ஒரு 'ஆலோசகரை' நம்பி நான் பட்டது

ஹூஸ்டன் பக்கம் கடை, கேஸ் ஸ்டேஷன் நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். அந்த ஆலோசகர் இன்னும் கோயில் அன்னதானத்துக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார்.

2024 ஏப்ரலில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) என்மேல் இண்டைட்மென்ட், அதாவது முறையான குற்றச்சாட்டு, கொடுத்தது. பழைய கூட்டாளியுடன் கணக்குத் தகராறு. 30,000 டாலருக்கு மேல் திருடிவிட்டேன் என்று புகார் கொடுத்திருந்தார். டெக்சாஸில் அது மூன்றாம் நிலை ஃபெலனி (பெருங்குற்றம்), 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. கிராண்ட் ஜூரியில் 12 பேர் இருப்பார்கள், 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும். வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று ஆகாது. அன்றைக்கு இந்த வித்தியாசம்கூட எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஜாமீனில் வந்து வீட்டில் உட்கார்ந்தபோது கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. கல்லாவுக்குக் கீழே ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கி, வீட்டில் ஒரு ஷாட்கன். இரண்டையும் கிரீன் கார்டு வந்த பிறகு முறைப்படி வாங்கியிருந்தேன். இவற்றை என்ன செய்வது என்று வழக்கை நடத்தும் வக்கீலிடம்தான் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு போன் அழைப்புக்கும் பில் வருமே என்று கேட்காமல் விட்டேன். அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் மூலமாக இவர் வந்தார். "துப்பாக்கி உரிமை ஆலோசகர்" என்று கார்டு அடித்து வைத்திருந்தார். வக்கீலா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"தம்பி, இண்டைட்மென்ட் வந்துட்டா வீட்ல ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. 48 மணி நேரத்துல எல்லாத்தையும் கைமாத்திடணும். இல்லன்னா ஃபெடரல் கேஸ் ஆயிடும்" என்றார். கட்டணம் 2,800 டாலர். துப்பாக்கிகளைத் தானே "பத்திரமா" வைத்திருப்பதாகவும் சொன்னார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 400 டாலரைக் கையில் கொடுத்தார். அந்தத் தாள் விற்பனைச் சீட்டு. படித்துப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

அவர் சொன்னது தவறு. கூட்டாட்சிச் சட்டத்தில், 18ஆம் தொகுப்பின் 922ஆவது பிரிவில் 'என்' என்ற உட்பிரிவு இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்துக்கு இண்டைட்மென்ட் நிலுவையில் உள்ளவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ புதிதாகப் பெறக் கூடாது, மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பவோ கொண்டுபோகவோ கூடாது என்பதுதான் அதில் உள்ள தடை. ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. வைத்திருப்பதே குற்றம் என்பது அதே பிரிவின் 'ஜி' உட்பிரிவில் வருகிறது, அது ஃபெலனியில் தண்டனை பெற்றவர்கள் போன்றோருக்கு. 'வைத்திருப்பது', 'பெறுவது' என்ற இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நான் விழுந்தேன்.

ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். ஜாமீன் உத்தரவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிபதி தனியாக நிபந்தனை போட முடியும். குடும்ப வன்முறை வழக்கு என்றால் பாதுகாப்பு உத்தரவிலும் அந்தத் தடை வரலாம். சில மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையானவை. ஹவாயில் இண்டைட்மென்ட் இருக்கும்வரை வைத்திருக்கவே கூடாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஜாமீன் தாளை. என்னுடையதில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தத் தாளைக் காட்டு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜூனில் பக்கத்துக் கடையை உடைத்தார்கள். பயந்துபோய் அவரை அழைத்தேன், என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது வேண்டாம் தம்பி, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். இரண்டு மாதம் முன்பு ஒரு தோட்டாகூடக் கூடாது என்றவர்தான் இதைச் சொன்னார். எப்படி முடியும் என்று கேட்டதற்கு, 2022 செப்டம்பரில் மேற்கு டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி டேவிட் கவுண்ட்ஸ், இண்டைட்மென்ட் உள்ளவர் துப்பாக்கி பெறக் கூடாது என்ற சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டார் என்றார். கடையில் தரும் படிவத்தில் இண்டைட்மென்ட் இருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போடுங்கள், வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் கணினிச் சோதனை மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் கொடுத்துவிடுவார் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

இதில் பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. குயிரோஸ் என்பவரின் வழக்கில் கவுண்ட்ஸ் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது நிஜம். ஆனால் ஒரு மாவட்ட நீதிபதியின் தீர்ப்பு அந்த வழக்கோடு நிற்பது, ஹூஸ்டன் இருப்பதோ வேறொரு கூட்டாட்சி நீதிமன்ற மாவட்டமான தெற்கு டெக்சாஸில், அரசு மேல்முறையீடும் செய்திருந்தது. 2025 ஜனவரியில் டெக்சாஸுக்கும் பொறுப்பான ஐந்தாவது சர்க்யூட் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. மூன்று நாள் விஷயமும் அப்படித்தான். கடைக்காரர் கொடுக்கலாம் என்பதால் நாம் வாங்குவது சட்டப்படி சரியாகிவிடாது.

நான் கடைக்குப் போனேன். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தைக் கொடுத்தார்கள். 21ஆவது கேள்வியில், எந்த நீதிமன்றத்திலாவது ஃபெலனிக்காக இண்டைட்மென்ட் அல்லது இன்ஃபர்மேஷன் (அரசு வக்கீல் நேரடியாகத் தாக்கல் செய்யும் குற்றச்சாட்டு) உங்கள்மேல் இருக்கிறதா என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். 'தண்டனை பெற்றீர்களா' என்பது வேறொரு கேள்வியாகத் தனியே இருக்கிறது. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தப் படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 10 ஆண்டு வரை போகக்கூடிய தனிக் குற்றம். என்மேல் இருந்த திருட்டுப் புகார் பொய் என்று நிரூபணமானாலும் இந்தப் பொய் அப்படியே நின்றிருக்கும்.

வெளியே வந்து காரிலிருந்து அவரை அழைத்தேன். "அப்போ தங்கச்சி பேர்ல வாங்கிடுங்க" என்றார், என் மனைவியைச் சொல்லி. அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இண்டைட்மென்ட் உள்ளவருக்காக என்று தெரிந்தே இன்னொருவர் வாங்கிக் கொடுப்பது 2022 ஜூனில் வந்த சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை. நாங்கள் இருவரும் கிரீன் கார்டுக்காரர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தலாம். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

அன்று மாலையே வழக்கு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இருபது நிமிடம் பேசினார். அதற்கு வந்த பில், ஆலோசகருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் துப்பாக்கிகளையாவது திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி திரும்ப வாங்கினால் அது 'பெறுவது' என்று ஆகிவிடும். அடகுக்கடையில் வைத்த சொந்தத் துப்பாக்கியை மீட்பதுகூடச் சட்டத்தின் கண்ணில் புதிதாக அடைவதுதான் என்று 1974இலேயே ஹடில்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். சட்டப்படி நான் வைத்திருக்கலாம் என்று இருந்ததைப் பயமுறுத்தி வாங்கிக்கொண்டு, திரும்பத் தொட முடியாத இடத்தில் நிறுத்திவிட்டார்.

துப்பாக்கி ஏந்திச் செல்லும் டெக்சாஸ் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஃபெலனி இண்டைட்மென்ட் வந்தால் அந்த உரிமம் இடைநிறுத்தப்படும். எனக்கு அந்தக் கடிதம் வந்தபோது, கண்டுகொள்ளாதீர்கள் என்று அந்த ஆலோசகர் சொன்னார். கண்டுகொள்ளுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இண்டைட்மென்ட் இல்லாவிட்டாலும் பொதுவாகத் துப்பாக்கித் தடை உண்டு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான். அதைத் தனியாக விசாரியுங்கள்.

2025 மார்ச்சில் என் வழக்கு தள்ளுபடியானது. அதன்பிறகு ஆலோசகரிடம் துப்பாக்கிகளைக் கேட்டேன். விற்றுவிட்டேன் என்றார், யாருக்கு என்று சொல்லவில்லை. நாளைக்கு அவை ஏதாவது குற்றத்தில் அகப்பட்டால், வரிசை எண்ணை வைத்துத் தேடுபவர்கள் முதலில் வந்து நிற்பது என் வீட்டு வாசலில். அதனால் விற்பனைச் சீட்டின் நகலை வக்கீலிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன். உரிமம் இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்வோரை விசாரிக்க டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு இருக்கிறது. அங்கே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். 2,800 டாலரில் ஒரு சென்ட் திரும்பவில்லை.

போன வாரம் ஒருவர் அழைத்தார். அதே கோயில் பழக்கம், அதே ஆலோசகர். அவரிடம், "வீட்லயே வச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். ஜாமீன் தாளை எடுத்துப் படியுங்கள் அண்ணா என்றேன். இரண்டாம் பக்கத்தில், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. எதையும் தொடாதீர்கள், யாருக்கும் கைமாற்றாதீர்கள், முதலில் வக்கீலை அழையுங்கள் என்று சொல்லி எண்ணை அனுப்பினேன். அன்று இரவே பேசிவிட்டதாகச் செய்தி வந்தது.